கண்ணாடிமேல் போட்ட துண்டு

எங்கள் வீட்டுத் துவைக்கும் மிஷினுக்கு முன்பக்கத்தில் வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. அந்தக் கண்ணாடிமேல் ஒரு வருஷம் ஓர் ஈரிழைத் துண்டு தொங்கியது. தொங்கவிட்டவள் நான். எதற்கு என்று கேட்டபோது ஒரு பொய் சொன்னேன், நம்பிவிட்டார்கள். நம்பாமல் யாராவது என் கன்னத்தில் ஒன்று வைத்திருந்தால் என் அம்மா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள் என்று இந்த வயதிலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. அப்பா தேவிகுளத்துக்கு மேலே ஒரு டீ எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். பூர்வீகம் கல்பாத்தி. நான் ஒரே பெண். மலையில் பள்ளிக்கூடம் சரியில்லை என்று என்னைப் பாலக்காட்டில் மாமா வீட்டில் விட்டுப் படிக்கவைத்தார்கள். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டுச் சித்திரை மாதம் நான் மலையேறி வந்தபோது அம்மாவைப் பார்த்துத் திடுக்கிட்டேன். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. உதட்டில் நிறமே இல்லை.

"என்னம்மா, இப்படி ஆயிட்டே?" என்றேன்.

"ஒண்ணுமில்லே. மலைக்குளிர். ஒரு க்ஷீணம், அவ்வளவுதான்" என்றாள்.

அப்பாவும் அதைத்தான் நம்பினார். நம்பாமல் என்ன செய்வார்? அம்மா மடி பார்க்கிறவள், அதுவும் சாதாரண மடி இல்லை. விடிவதற்கு முன்னால் குழாயடியில் பச்சைத் தண்ணீரில் குளிப்பாள். தன் ஒன்பது கஜத்தைத் தானே துவைத்து, சமையலறை உத்தரத்தில் கட்டிய கொடியில் மூங்கில் கழியால் தூக்கிப் போடுவாள். மறுநாள் அதைக் கழியாலேயே எடுத்துக் கட்டிக்கொள்வாள். நடுவில் அதை யாரும் தொடக்கூடாது. தொட்டால் விழுப்பு, திரும்பவும் துவைக்க வேண்டும். கல்பாத்தியில் இதைச் செய்யலாம். அந்த மலையில், தண்ணீர் எலும்பைக் குத்துகிற ஊரில், இதைத் தினமும் செய்தால் உடம்பு என்ன ஆகும்? அவள் கைவிரல் வெடித்துக் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து அப்பாவுக்கு மனசு தாங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எஸ்டேட் துரை வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குத் திரும்பினார். அவருடைய பெண்சாதி வந்து குடித்தனம் பண்ணப்போகிறாள் என்று சீமையிலிருந்து ஒரு துவைக்கும் மிஷினை வரவழைத்திருந்தார். மிஷின் வந்தது, அந்த அம்மாள் வரவில்லை. பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடந்த அதை அப்பா வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் தனக்கென்று ஒரு குடையைக்கூட யோசிக்காமல் வாங்காத மனுஷர். அம்மாவுக்காக வாங்கினார்.

நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து இறக்கினார்கள். சமையலறைக்கும் குளிக்கிற அறைக்கும் நடுவிலிருந்த இடைகழியில், ஃபாக்டரி ஃபிட்டர் சிமெண்டுத் தரையைக் குடைந்து நாலு போல்ட் இறக்கினார். "அய்யா, இதக் கட்டிப் போடலன்னா நடந்து போயிரும் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிஜம்தான். கடைசியில் தண்ணீரைப் பிழிகிற வேகத்துக்கு வரும்போது அந்த நாலு போல்ட்டையும் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடும் போலத்தான் ஆடும். அலமாரியில் டம்ளரெல்லாம் பேச ஆரம்பித்துவிடும்.

முதலில் அதைக் குளிப்பாட்டினார் அப்பா. சிரிக்காதீர்கள். ஒரு கை மஞ்சள்பொடியைப் போட்டு, துணி இல்லாமல் வெறும் மிஷினாக ஒருமுறை ஓடவிட்டார். "கப்பல்லே எவன் கையெல்லாம் பட்டுதோ. தோஷமெல்லாம் இதோட போச்சு" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அப்பாவின் வேஷ்டியும் சட்டையும் உள்ளே போயின. கண்ணாடிக்குள் அவை ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே ஏறி விழுந்ததை நானும் அப்பாவும் மணை போட்டு உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்தெல்லாம் வந்து பார்த்தார்கள். அம்மா மட்டும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"உன் துணியையும் கொண்டா" என்றார் அப்பா.

"என் துணி மடியாக்கும்."

"கை படாத துணிதானே மடி? இது கையே இல்லாத ஜந்து. இதைவிட மடி லோகத்துலே உண்டோ?"

"உங்க சட்டை உருண்ட எடத்துலே என் புடவை உருளப்படாது."

"சரி, தனியாப் போட்டுக்கோ. அலம்பிட்டுப் போட்டுக்கோ. மறுபடி மஞ்சள்பொடி போட்டுத் தரேன்."

"வேண்டாம்னா வேண்டாம். என் துணியை நான் தோய்ச்சுக்கறேன். அதிலே ஒருத்தரும் கைவைக்கப்படாது." அவள் கண்ணில் தண்ணீர்கூட நின்றது.

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. ஆமாம், சிரித்தோம். "அம்மா, சுவாமி எறங்கி வந்து ஒன் புடவையை மோந்தா பார்க்கப்போறார்?" என்று கேட்டவள் நான்தான். அப்பா, "விடு, மடிசஞ்சியைத் திருத்த பிரம்மாவாலேயும் முடியாது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். முகம் வாடியிருந்தது. மறுநாள் விடிகாலையிலும் குழாயடியில் அம்மா துவைக்கிற சத்தம் கேட்டது.

ஆனி மாதம் எங்களை மாமா பாலக்காட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் போட்டார். பக்கத்துச் சித்தூரில் வாத்தியாராக இருக்கும் பையன், நல்ல குடும்பம், பெண் பார்க்க வருகிறார்கள் என்று. வந்தார்கள். அவர் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, தட்டைத் தானே எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தார். அந்தக் காலத்தில் எந்த மாப்பிள்ளை அப்படிச் செய்வான்? அந்தத் தட்டிலேயே நான் விழுந்துவிட்டேன். தை மாதம் கல்யாணம் என்று நிச்சயம் ஆகிவிட்டது. திரும்பி மலைக்கு வருகிற பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

ஆடி மழை பிடித்துக்கொண்டது. அந்த மலையில் ஆடி என்றால் வீட்டுக்குள்ளேயே மேகம் வரும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. ஒரு காலைப்பொழுது, அப்பா ஆபீசுக்குப் போனபின், அடுப்படியில் அம்மா தலைசுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாங்கிக்கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன். காப்பி கொடுத்தேன். அப்படியே தூங்கிப்போனாள்.

குளிக்கிற அறை மூலையில் அவளுடைய வாளி இருந்தது. மேலே ஒரு தட்டைப் போட்டு மூடியிருந்தாள். உள்ளே அவள் துணி சுருண்டு கிடந்தது. ஐயோ பாவம், இதையும் அவள்தானே எழுந்து துவைக்க வேண்டும் என்று தோன்றியது. தூங்கி எழுந்திருப்பதற்குள் துவைத்து, பிழிந்து, கழியாலேயே கொடியில் போட்டுவிட்டால் அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? மடியாம் மடி! வாளியைத் தூக்கிக்கொண்டுபோய், அந்தச் சுருளைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மிஷினுக்குள் போட்டுக் கதவைச் சாத்தினேன். பிரியமாகத்தான் செய்தேன்.

தண்ணீர் ஏறியது. துணி உருள ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்குள்ளே தண்ணீர் நிறம் மாறியது. லேசாகப் போட்ட டீ மாதிரி இருந்தது. சாயம் போகிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் புடவை சாயம் போகிற புடவையே இல்லை, வெளுத்துப்போன பழம்புடவை. தண்ணீர் இன்னும் சிவந்தது. புடவைக்கு நடுவிலிருந்து கிழிந்த வேஷ்டித் துண்டுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்து கண்ணாடியில் ஒட்டி ஒட்டி விழுந்தன. மாதாமாதம் பின்னறையில் மூன்று நாள் உட்காருகிற பெண் நான். அந்தத் துணி என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அம்மாவுக்கு அது நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்றே! அவளே சொன்னாள். அதனால்தானே அவள் ஒருநாள்கூடத் தள்ளி உட்காராமல் தினமும் மடியாக இருந்து சமைக்கிறாள்?

"என்னடீ பண்ணினே?"

திரும்பிப் பார்த்தேன். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் கண்ணாடியைத்தான் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஃபாக்டரிச் சங்கு ஊதியது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா வருகிற நேரம். கதவைத் திறக்க முடியாது; திறந்தால் அத்தனை தண்ணீரும் இடைகழியில் கொட்டும்.

"மூடு. எதையாவது போட்டு மூடு!" என்றாள்.

கொடியில் கிடந்த அவளுடைய ஈரிழைத் துண்டை இழுத்து, கதவின் மேல்விளிம்பில் செருகித் தொங்கவிட்டேன். வட்டம் முழுக்க மறைந்தது. அப்பா குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார்.

"என்னது, மிஷினுக்கு முக்காடு போட்டிருக்கே?"

"அம்மாவோட மடித்துணி உள்ளே இருக்கு. கண்ணு படப்படாது" என்றேன். எங்கிருந்துதான் வந்ததோ அந்தப் பொய், யோசிக்கவே இல்லை.

அப்பா அம்மாவைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "சம்மதிச்சுட்டியா? அப்பாடா! இனிமே நீ அந்தப் பச்சைத் தண்ணியிலே நிக்க வேண்டாம். கண்ணு படாம மூடிக்கோ, நாலு முக்காடு வேணும்னாலும் போட்டுக்கோ" என்று சிரித்தார். "அம்மாவுக்கு ஏத்த பொண்ணு" என்று என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கு இரண்டாம்தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா பரிமாறினாள். துண்டுக்குப் பின்னால் அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போனபின் அம்மாவை உட்காரவைத்துக் கேட்டேன். "எத்தனை நாளா?"

"மார்கழியிலேர்ந்து. நின்னு போயிருந்தது. மறுபடி வந்தது. நிக்கலே."

"எட்டு மாசமா! டாக்டர்கிட்ட போகலாம் வா."

"இங்கே டிஸ்பென்சரியிலே இருக்கறது ஆம்பிளை. அவன்கிட்ட காமிக்கற எடமாடீ இது?"

"அப்பாகிட்ட சொல்றேன்."

அவள் என் வாயைப் பொத்தினாள். அப்படி ஒரு பயத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. "தெனம் இந்த ஒடம்போட சுவாமிக்கு நைவேத்யம் பண்ணிண்டிருக்கேன். அந்தச் சாதத்தைத்தான் ஒங்கப்பா தெனம் சாப்பிடறார். தூரமா இருக்கறவ அடுப்படியிலே நிக்கறான்னு அவருக்குத் தெரியப்படாது. முதல்லே என்னை மூலையிலே உக்காத்தி வெப்பா. அப்பறம் சம்பந்திகள் காதுலே விழும். அம்மாவுக்கு இப்படியாமே, பொண்ணுக்கும் இப்படித்தானோன்னு நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவா. கல்யாணம் நிக்கும். அப்படியே நடந்தாலும், நான் தூரம்னா ஒனக்குத் தாரை வார்க்கத் தண்ணி விடறது யாரு?"

நான் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தேன். அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணணும்பா. நான் ஒரே ஒரு பொய்தான் சொல்றேன், குட்டி. தை முடியட்டும். மறுநாளே டாக்டர்கிட்ட வரேன். பாவம்னா அது என் தலையிலே, ஒன் தலையிலே இல்லே."

நான் சரி என்றேன்.

அம்மா கெஞ்சினாள், அதனால் சரி என்றேன் என்று எழுதிவிட்டால் எனக்கு நல்ல பெயர். அது பாதிதான் நிஜம். எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. தட்டைத் தானே எடுத்துவைத்தவர் வேண்டியிருந்தது. கல்யாணம் நின்றுபோகும் என்று அவள் சொன்னபோது, அவளுக்கு என்ன ஆகும் என்று நினைப்பதற்கு முன்னால் எனக்கு என்ன ஆகும் என்றுதான் நினைத்தேன். அந்த ஒரு நொடியை என்னால் எந்தத் தண்ணீரிலும் அலம்ப முடியவில்லை.

அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. அப்பா எட்டு மணிக்குக் கிளம்புவார். அவர் படியிறங்கியதும் நான் வாளியை எடுத்துக்கொண்டு வருவேன். அம்மாவின் துணியைத் தனியாகப் போட்டு, கதவைச் சாத்தி, துண்டைத் தொங்கவிட்டு, பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்துகொள்வேன். உள்ளே என்ன நிறம் என்று பார்க்கமாட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்பார்கள். நான் மிஷினின் கண்ணை மூடிக்கொண்டு அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த அரைமணி நேரம் அம்மா படுப்பாள். அப்பா எதற்காக அந்த மிஷினை வாங்கினாரோ அது நடந்தது என்றும் சொல்ல வேண்டும். அவள் பச்சைத் தண்ணீரில் நிற்கவில்லை. கைவெடிப்புக்கூட ஆறியது.

கையால் துவைத்தால் எவ்வளவு கசக்கினாலும் ஒரு திட்டாவது நிற்கும். கொடியில் தொங்குகிறதை என்றைக்காவது அப்பா நிமிர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டிருப்பார். மிஷின் அதற்கு இடமே வைக்கவில்லை. எல்லாம் வெள்ளைவெளேர் என்று வந்தது. "பார்த்தியா, என்னமா தோய்க்கறது!" என்று அப்பா பெருமைப்பட்டுக்கொண்டார்.

ஒரே ஒருத்திதான் கேட்டாள். கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து எங்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிற பெண்பிள்ளை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். கார்த்திகை மாதம், விறகுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"ஏ பாப்பா, அம்மைக்கு என்ன சீக்கு? மொகம் வெளுத்துல்லா கெடக்கு."

"விரதம் இருக்கா" என்றேன்.

"என்ன வெரதமோ. எங்க லயத்துல ஒருத்தி இப்படித்தான் வெளுத்து வெளுத்துப் போனா. பொம்பளச் சீக்கா இருக்கும். காலாகாலத்துல ஆசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ தாயி, சொல்லுதேன்."

"ஒன் வேலையைப் பார்த்துண்டு போ" என்று எரிந்து விழுந்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அதற்குப் பிறகு விறகை வெளியிலேயே போட்டுவிட்டுப் போவாள். அன்று சாயங்காலம் நான் மறுபடி அம்மாவிடம் கேட்டேன். "தை வந்துண்டே இருக்குடீ, இன்னும் எத்தனை நாள்?" என்றாள். மூன்றாம் தரம் நான் கேட்கவில்லை.

கல்யாணம் கல்பாத்தியில், மாமா வீட்டில். பஸ்ஸில் உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, அங்கிருந்து ரயில் பிடித்துப் போனோம். கல்யாண வீட்டில் மிஷின் ஏது? அம்மா தெரு எழுந்திருக்கும் முன்னால் தனியாக ஆற்றுக்குப் போய்வந்தாள். "இத்தனை வேலையிலேயும் அவ மடியை விடலையே" என்று மாமி மெச்சிக்கொண்டாள். நாலு நாளும் அம்மா ஒரு இடத்தில் உட்காரவில்லை. மடிசார் கட்டி, மூக்குத்தி மின்ன, வருகிறவர்களையெல்லாம் வாங்கோ வாங்கோ என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றாள். முகத்துக்கு மஞ்சள் அழுத்திப் பூசியிருந்தாள்.

முகூர்த்தத்தில் நான் அப்பா மடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மா பக்கத்தில் நின்று செம்பிலிருந்து தாரைநீர் விட்டாள். செம்பு நடுங்கியது. தண்ணீர் பாதி அப்பா கையில், பாதி என் புடவையில். எல்லாரும் அவள் அழுகிறாள், பெண்ணைக் கொடுக்கிற துக்கம் என்று நினைத்தார்கள். அவள் அழவே இல்லை. தண்ணீர் தீர்கிறவரைக்கும் நிற்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். செம்பைக் கீழே வைத்ததும் என்னைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டேன் என்கிற மாதிரி ஒரு பார்வை.

நான் சித்தூருக்குப் போனேன். அவர்கள் இரண்டுபேரும் மலைக்குப் போனார்கள். தை முடிந்தது. டாக்டரிடம் போனாயா என்று எழுத முடியாது, கடிதத்தை அப்பா படிப்பார். "சௌக்கியமா?" என்று எழுதினேன். பதில் கார்டு வந்தது: "இங்கே எல்லாரும் சௌக்கியம். மிஷின் நன்றாக ஓடுகிறது." இன்னும் நிற்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. உனக்கு முதல் காரடையான் நோன்பு வருகிறது, அதற்குச் சீர் செய்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்றும் எழுதியிருந்தாள். நான் என் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. புதுப்பெண், எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். அவர் நல்ல மனுஷர். சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்பார். அதுதான் என்னைத் தின்கிறது.

பங்குனியில் அம்மா அடுப்படியில் விழுந்தாள். இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. எஸ்டேட் ஜீப்பில் போட்டுக் கோயமுத்தூருக்குக் கொண்டுவந்து எனக்குத் தந்தி அடித்தார் அப்பா. நான் போனபோது லேடி டாக்டர் பார்த்து முடித்துவிட்டுக் கையலம்பிக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்படி இருக்குதுங்க?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஒரு மாசமாத்தான்" என்றாள் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு.

டாக்டர் எங்களை வெளியில் கூப்பிட்டார். கோபத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. "ஒரு மாசத்துல இப்படி ஆகாதுங்க. வருசத்துக்கு மேல இருக்கோணும். கர்ப்பப்பையில ஆரம்பிச்சு எங்கெங்கயோ போயிருச்சு. மொதல்லயே வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம். ஏனுங்க, ஊட்டுல ஒருத்தரு கண்ணுலயுமா படல? துணி தொவைக்கறது யாருங்க?"

அப்பா திகைத்துப்போய் நின்றார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று சொன்னார்: "மிஷின். எங்காத்துலே மிஷின்தான் தோய்க்கறது, டாக்டர்."

டாக்டர் உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் அப்பா உட்கார்ந்தார். அப்புறம் என்னைக் கேட்டார்: "ஒனக்குத் தெரியுமோ, குட்டி?"

"தெரியாதுப்பா" என்றேன்.

அம்மாவைக் கல்பாத்திக்கே கொண்டுபோனோம். விஷயம் தெரிந்ததும், அவள் எதற்கு அவ்வளவு பயந்தாளோ அது நடந்தது. பின்கட்டு அறையில் தனிப்பாய், தனித்தட்டு. யாரும் கெட்டவர்கள் இல்லை, மாமி கதவோரம் நின்று அழுதுகொண்டேதான் சாதத்தைத் தள்ளினாள். நான் சித்தூரிலிருந்து வந்து கூடவே இருந்துவிட்டேன். இரண்டு மாதம் அவள் துணியை ஆற்றில் கையால் துவைத்தேன். அப்போதுதான் தெரிந்தது, அத்தனை மாதம் நான் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது எவ்வளவு என்று. கறை போகவில்லை. கல்லில் தேய்த்துத் தேய்த்து என் விரல் வெடித்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த மிஷின் இருந்தா ஒனக்கு இவ்வளவு சிரமம் இல்லே" என்றாள். வைகாசியில் போய்ச் சேர்ந்தாள்.

டாக்டர் சொன்னதை விட்டுவிட்டு, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அப்பா ஒரே கதையைத்தான் சொன்னார். "மடி மடின்னு அந்தக் குளிர்லே பச்சைத் தண்ணியிலே நின்னே ஒடம்பைக் கெடுத்துண்டா. மிஷின் வாங்கிக் கொடுத்தேன். அதுக்கும் கண்ணு படப்படாதுன்னு துண்டு போட்டு மூடியாக்கும் தோய்ச்சா. என் பொண்ணு பக்கத்துலே காவல் உக்காருவா. அப்பேர்ப்பட்ட மடி." வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகாலக்ஷ்மி, புண்ணியவதி என்றார்கள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ தரம் வாயெடுத்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் தூரத்தோடு சமைத்தாள், நைவேத்யம் பண்ணினாள், தாரை வார்த்தாள் என்று சொன்னால், செத்தபிறகும் அவளை மூலையில் உட்காரவைத்த மாதிரி ஆகும். என்னையும் சேர்த்துத்தான். பேசாமல் இருந்துவிட்டேன்.

அப்பா மலையில் தனியாக இருக்க முடியாமல் வேலையை விட்டார். ஆடியில் வீட்டைக் காலிசெய்ய அவரோடு நானும் போனேன். மிஷினைப் புது துரை பங்களாவுக்குக் கேட்டிருந்தார்கள். ஃபிட்டர் போல்ட்டைக் கழற்ற வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். இடைகழியில் வெளிச்சம் இல்லை. துண்டு அப்படியே கண்ணாடிமேல் தொங்கியது. கீழ்முனையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"கோயமுத்தூர் போன அன்னிக்குப் போட்டது. அப்பறம் நான் அதைத் தொடலே. மிஷினையும் தொடலே. என் துணியைக் குழாயடியிலேயே தோய்ச்சுண்டேன்" என்றார் அப்பா.

"எடுத்துடறேன்ப்பா" என்று கையை நீட்டினேன்.

"இரு. அவ மடித்துண்டு."

அவர் சமையலறைக்குப் போய், அம்மாவின் மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் படாமல், கழி நுனியால் அந்தத் துண்டை மெதுவாகத் தூக்கி, கொடியிலிருந்து அம்மா எடுப்பாளே அந்த மாதிரியே எடுத்து, என் பக்கம் நீட்டினார். "வெச்சுக்கோ. ஒங்கம்மா மடி இனிமே ஒன்கிட்டதான்" என்றார்.

நான் இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டேன்.